சென்னை புழுக்கத்துல வீட்டுல எலி ப்ரீட் பண்றவங்களுக்கு: பெட்டிங், செலவு, தேதிக் கணக்கு

வெள்ளை எலியோ கலர் எலியோ ஒரு ஜோடி வாங்கி வீட்டுல குட்டி எடுக்கணும்னு நினைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். தேடினா கிடைக்கறது எல்லாமே குளிர் ஊர்க்காரங்க எழுதி வச்சது, அவங்களுக்கு ரூமை சூடா வச்சுக்கறதுதான் கவலை, நமக்கு சூடும் புழுக்கமும்தான் கவலை, அவங்க சொல்ற பெட்டிங்ல, அதாவது கூண்டுத் தரையில விரிக்கற படுக்கைப் பொருள்ல, பாதி இங்க கிடைக்காது, கிடைச்சாலும் மழை மாசத்துல ரெண்டே நாள்ல நமுத்துப் போயிடும். இதையெல்லாம் தட்டுத் தடுமாறி சரி பண்றதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடுச்சு. நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்.

எலி கர்ப்பமாகறதும் குட்டி போடறதும் நீங்க ஒண்ணும் பண்ணாமலே நடந்துடும். சிக்கல் வர்றது பெரும்பாலும் ரெண்டு இடத்துலதான். ஒண்ணு, மூத்திரம் ஊறின பெட்டிங்லேர்ந்து கிளம்பற அம்மோனியா. இன்னொண்ணு, ஆணையும் பெண்ணையும் பிரிக்கற தேதி. கீழ இருக்கற எல்லாமே இந்த ரெண்டைச் சுத்திதான்.

1. குட்டிங்க எங்க போகும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஒரு ஈத்துல சாதாரணமா 8லேர்ந்து 14 குட்டி வரும். தாய் எலி குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள்ளயே மறுபடி சினை பிடிக்கும், அதாவது ஆண் பக்கத்துல இருந்தா இந்தக் குட்டிக்கு பால் குடுத்துக்கிட்டே அடுத்த ஈத்தை சுமக்கும். குட்டிங்க 5, 6 வாரத்துலயே இனப்பெருக்கத்துக்கு தயாராயிடும். ஒரு ஜோடியை பிரிக்காம விட்டீங்கன்னா மூணு மாசத்துல அம்பதைத் தாண்டிடும், இது பயமுறுத்தறதுக்கு சொல்றது இல்ல, நீங்களே காலண்டரை வச்சு கணக்குப் போட்டுப் பாருங்க.

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடியே, குட்டி வாங்கிக்கறேன்னு உறுதியா சொன்னவங்க பேரை எழுதி வைங்க. எலி தனியா இருக்கக்கூடாத பிராணி, ஒருத்தருக்கு ரெண்டு ரெண்டாதான் குடுக்கணும், அதுவும் ரெண்டும் ஆணாவோ ரெண்டும் பெண்ணாவோ குடுக்கணும். அப்போ 10 குட்டிக்கு அஞ்சு வீடு வேணும். "பாத்துக்கலாம்ப்பா"ன்னு சொன்னவங்களை லிஸ்ட்ல சேர்க்காதீங்க, குட்டி ரெடியானப்புறம் அவங்க போனே எடுக்க மாட்டாங்க. லிஸ்ட் நிரம்பலைன்னா இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுடுங்க.

2. பேப்பர் வேலை

வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லி, வாட்ஸ்அப்லயாவது எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி வாங்கி வச்சுக்கங்க. அப்பார்ட்மெண்ட்ல எலின்னு சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரங்க பதறுவாங்க, "நாங்க பொறி வைக்கறோம் நீங்க வளக்கறீங்களா"ன்னு கேப்பாங்க. அவங்களை கூப்பிட்டு கூண்டை காட்டிடுங்க, ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா முக்கால்வாசி சண்டை வராது. அவங்க வீட்டுல எலி மருந்து வைக்கற வழக்கம் இருந்தா அதையும் அப்பவே கேட்டுக்கங்க.

வீட்டுல ஒரு தடவை குட்டி எடுத்து தெரிஞ்சவங்களுக்கு குடுக்கறது வேற, காசு வாங்கி தொடர்ந்து விக்கறது வேற. விக்கறதா இருந்தா 2018ல வந்த பெட் ஷாப் விதிகள் இருக்கு, அதுல எலி இனமும் வருது, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும். லேபுக்கு சப்ளை பண்ணலாம்னு யாராவது யோசனை சொன்னா இறங்காதீங்க. பரிசோதனைக்காக விலங்கு வளக்கறதுக்கு 1998 விதிகள்படி தனி பதிவு வேணும், வீட்டு மொட்டைமாடியில பண்ற வேலை இல்ல அது.

இதைத் தவிர ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு எலிக்கும் பிறந்த தேதி, வாங்கின இடம், வாராவாரம் எடை, சேர்த்த தேதி, பிரிச்ச தேதி, குட்டி போட்ட தேதி, எத்தனை ஆண் எத்தனை பெண். டாக்டர்கிட்ட போறப்ப அவங்க கேக்கற முதல் கேள்விக்கெல்லாம் பதில் அந்த நோட்டுலதான் இருக்கும்.

டாக்டரையும் இப்பவே பாத்து வைங்க. நாய் பூனை மட்டும் பாக்கற கிளினிக்ல பலபேர் எலியை கையில எடுக்கவே தயங்குவாங்க. போன் பண்ணி "எலி பாப்பீங்களா, மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ணுவீங்களா"ன்னு நேரா கேளுங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போறதா இருந்தாலும் எந்த நாள் எந்தப் பிரிவுன்னு விசாரிச்சுட்டு காலையிலயே போயிடுங்க.

3. எலி வாங்கறப்ப பாக்க வேண்டியது

கடையில இருக்கற வெள்ளை எலி நிறைய பாம்பு தீனிக்குன்னு வளத்தது, அண்ணன் தங்கச்சி கணக்கே இருக்காது. ஒரே கூண்டுலேர்ந்து ஜோடி எடுக்காதீங்க. ஆணை ஒரு இடத்துலயும் பெண்ணை இன்னொரு இடத்துலயும் வாங்குங்க. கடைக்காரர் ரெண்டும் பொண்ணுன்னு சொன்னாலும் நீங்க வாலைத் தூக்கிப் பாருங்க, எனக்கு அப்படி சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு ஆண். நல்லா வளந்த ஆணுக்கு விதைப்பை தனியா தொங்கும், வெயில் நாள்ல இன்னும் நல்லா தெரியும்.

எலியை காதோட ஒட்டி வச்சுக் கேளுங்க. மூச்சுல கரகரன்னோ கிளிக் கிளிக்னோ சத்தம் வந்தா வேண்டாம். கண்ணோரம் மூக்கோரம் சிவப்பா ரத்தம் மாதிரி காஞ்சிருந்தா அது ரத்தம் இல்ல, போர்ஃபிரின்னு ஒரு சுரப்பு, உடம்பு முடியாதப்ப, பயத்துல இருக்கறப்ப அதிகமா வரும். அந்த எலியை ப்ரீடிங்குக்கு எடுக்காதீங்க. மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி பெரும்பாலான எலிங்க நுரையீரல்ல ஏற்கனவே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், தாய்கிட்டேர்ந்து குட்டிக்கும் போகும். அது கிளம்பறதும் அடங்கி இருக்கறதும் பெரும்பாலும் நீங்க வைக்கற காத்தைப் பொறுத்தது. பெட்டிங் பத்தி நான் இவ்வளவு அழுத்தறதுக்கு காரணமே இதுதான்.

புதுசா வந்த எலியை ரெண்டு மூணு வாரம் வேற ரூம்ல வைங்க. அதே ரூம்ல வேற கூண்டுன்னா அது தனிமைப்படுத்தறது இல்ல, காத்து ஒண்ணுதான்.

4. கூண்டு ரெண்டு, குட்டி டப்பா ஒண்ணு

குறைஞ்சபட்சம் மூணு இடம் வேணும். ஆணுக்கு ஒரு கூண்டு, பெண்ணுங்களுக்கு ஒரு கூண்டு, பிரசவத்துக்கு ஒரு டப்பா. பெரிய எலிக்கு கம்பி இடைவெளி 1.2 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. தரை கம்பியா இருக்கற கூண்டு வேண்டவே வேண்டாம், பாதத்துல புண்ணு வந்து வீங்கிடும். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா மேல டைல்ஸோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடிடுங்க.

பிரசவ டப்பாவுக்கு கடையில விக்கற 50, 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் பாக்ஸ் போதும். மூடியிலயும் ரெண்டு பக்கத்துலயும் பெரிய ஜன்னல் மாதிரி வெட்டி, ஹார்ட்வேர் கடையில கிடைக்கற சின்னக் கண்ணு வெல்ட் மெஷ்ஷை கேபிள் டை போட்டு கட்டுங்க. வெட்டின ஓரம் உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. மேல மட்டும் ஓட்டை போட்டு விட்டுடாதீங்க, அம்மோனியா அடியிலதான் உண்டாகுது, பக்கத்துல வழி இல்லைன்னா குட்டி மூக்கு இருக்கற உயரத்துலயே தேங்கி நிக்கும். மாடி, ஏணி எதுவும் வேண்டாம், தாய் எலி குட்டியை வாயில கவ்விக்கிட்டு ஏறி மேலேர்ந்து போட்டுடும்.

தண்ணி பாட்டில் கூட்டுக்கு நேர் எதிர் மூலையில இருக்கட்டும். ராத்திரி சொட்டுச் சொட்டா ஒழுகி பெட்டிங் முழுக்க நனைஞ்சு குட்டிங்க ஜில்லிட்டுப் போறது ரொம்ப சகஜமா நடக்கற விஷயம். புது பாட்டிலை வெறும் பக்கெட்டு மேல ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பாத்துட்டு மாட்டுங்க.

5. பெட்டிங்: எது ஆகும், எது ஆகாது

மரக்கடையில சாக்கு சாக்கா சும்மாவே குடுக்கறாங்களேன்னு மரத்தூள் எடுத்துட்டு வராதீங்க. ஒண்ணு, அது மாவு மாதிரி இருக்கும், மூச்சுல ஏறும். ரெண்டு, அதுல என்ன மரம் இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது, பிளைவுட் அறுத்த தூளும் பசையும் சேர்ந்திருக்கும். மூணு, இப்ப பேக்கிங் பெட்டிக்கு வர்றது நிறைய பைன் மரம். பைன், தேவதாரு மாதிரி வாசனை வர்ற மரத்துலேர்ந்து வர்ற ஆவி எலி நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும். பெட் கடையில "ஹாம்ஸ்டர் பெட்டிங்"னு பாக்கெட்ல வர்றதையும் என்ன மரம்னு படிச்சுட்டு வாங்குங்க. லாவெண்டர், எலுமிச்சை வாசனைன்னு போட்டிருந்தா அப்படியே வச்சுட்டு வந்துடுங்க, அந்த வாசனை நமக்காகப் போட்டது.

நெல் உமி. நம்ம நாட்டு லேப்ல எலிக்கு இதைத்தான் நிறைய போடறாங்க, ஆனா அவங்க ஆட்டோகிளேவ்ல வச்சு கிருமி நீக்கிட்டுப் போடறாங்க. ரைஸ் மில்லுலேர்ந்து நேரா வர்ற உமியில தூசி இருக்கும், பூச்சி இருக்கும், காட்டு எலி மூத்திரம்கூட இருக்கும். போடறதா இருந்தா சலிச்சு, மொட்டைமாடியில கறுப்பு ஷீட்டு விரிச்சு நல்ல வெயில்ல ரெண்டு நாள் காயவச்சு, பெரிய எலிங்களுக்கு மட்டும் போடுங்க. உமி அவ்வளவா ஈரம் இழுக்காது, முனை கூரா இருக்கும். பிறந்த குட்டி தோலு நம்ம உதடு மாதிரி மெல்லிசு, அதுக்கு கீழ உமி ஆகாது.

மக்காச்சோளக் கதிர்ல மணி உதிர்த்த சக்கையோட துகள், அதாவது கார்ன்காப், ஈரம் நல்லா இழுக்கும், நாத்தமும் அடங்கும். ஆனா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நம்ம மழைக் காத்துல அடியில பூஞ்சை பிடிச்சுடும், மேலேர்ந்து பாத்தா தெரியாது. கையை விட்டு அடிமட்டத்தைக் கிளறிப் பாக்கற பழக்கம் இருந்தா மட்டும் போடுங்க. தென்னை நார்த்தூள் காஞ்சா புழுதி, நனைஞ்சா சேறு, எனக்கு அது எந்த விதத்துலயும் பிடிக்கல.

நான் கடைசியா நிலைச்சு நிக்கறது பேப்பர்லதான். ஆனா எல்லா பேப்பரும் ஒண்ணு இல்ல. ஆபீஸ் ஏ4 ஷீட்டை ஷ்ரெட்டர்ல போட்டது வழவழன்னு இருக்கும், ஈரமே இழுக்காது. நியூஸ்பேப்பர் இழுக்கும், ஆனா நம்ம ஊர் பேப்பர் மை நனைஞ்சா வெள்ளை எலி வயிறெல்லாம் கறுப்பாயிடும். நல்லது எதுன்னா அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட். பாரிமுனை ஆண்டர்சன் தெரு பக்கம் பேப்பர் கடைங்களும் கட்டிங் பண்ற இடங்களும் இருக்கு, அங்கயோ உங்க ஏரியா பிரஸ்லயோ அச்சு ஏறாத வெட்டுத் துண்டு இருக்கான்னு கேட்டு எடைக்கு வாங்குங்க. விரல் அகலத்துக்கு கிழிச்சு, அடியில சின்னச் சின்னத் துண்டா கெட்டியா ஒரு லேயர், மேல நீளத் துண்டா தளர்வா ஒரு லேயர், மொத்தம் நாலு விரக்கடை உயரம். கடை அட்டைப்பெட்டியும் நல்லது, ஸ்டேப்ளர் பின்னும் டேப்பும் எடுத்துட்டு கிழிச்சுப் போடுங்க.

பழைய வேட்டி, டி-ஷர்ட் துணி பெரிய எலிக்கு ஊஞ்சல் கட்ட சரி. குட்டி டப்பாவுல துணி வேண்டாம், பிரிஞ்ச நூல் கால்ல சுத்தி ரத்த ஓட்டம் நின்னு கால் போயிடும். பஞ்சும் அதே கதைதான். கூடு கட்ட வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பர் குடுங்க, அது போதும்.

எந்த பெட்டிங் வாங்கினாலும் உள்ள போடறதுக்கு முன்னாடி பையில கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வைங்க, உண்ணியும் பூச்சியும் செத்துடும். ஃப்ரீசர்ல இடம் இல்லைன்னா வெயில்தான்.

6. எந்த மாசம் சேர்க்கணும்

சினைக்காலம் 21லேர்ந்து 23 நாள். குட்டிங்க வீடு மாற 5, 6 வாரம். எலிக்கு வேர்க்காது, 30 டிகிரி தாண்டினாலே வாலை நீட்டிப் போட்டு தரையோட தரையா கிடக்கும். வயித்துல பத்துக் குட்டியோட மே மாசத்துல அது படற பாட்டை பாக்க முடியாது. வெயில்ல ஆணுக்கும் விந்து வீரியம் குறையும்.

அதனால டிசம்பர் நடுவுல சேர்த்து, ஜனவரியில குட்டி எடுத்து, பிப்ரவரி கடைசிக்குள்ள எல்லாத்தையும் அனுப்பிடற மாதிரி திட்டம் போடுங்க. ஜனவரியிலதான் நம்ம ஊர் ராத்திரி கொஞ்சம் குளிருது, மழையும் ஓஞ்சிருக்கும், பெட்டிங் காயும். தீபாவளி ஒட்டி பிரசவம் வர்ற மாதிரி கண்டிப்பா சேர்க்காதீங்க, வெடிச் சத்தத்துல மிரண்ட தாய் குட்டியைக் கடிச்சுடும்.

வெயில் காலத்துல சும்மா வளக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்பானையை படுக்க வச்சு அதை ஒரு டைல்ஸ் மேல வைங்க, வெளிப்பக்கம் மட்டும் தண்ணி தடவுங்க, உள்ள போய் படுத்துக்கும். ஐஸ் பாட்டிலை துணி சுத்தி வைக்கலாம். ஃபேன் காத்து நேரா அடிக்கக்கூடாது.

7. சேர்க்கறது

பெண்ணுக்கு 4லேர்ந்து 8 மாசத்துக்குள்ள முதல் ஈத்து வர்றது நல்லது. 4, 5 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், பெரும்பாலும் ராத்திரி, சில மணி நேரம்தான். முதுகைத் தடவினா காதை படபடன்னு ஆட்டி முதுகை வளைச்சு நிக்கும், அதுதான் அடையாளம். ஆணோட கூண்டுக்கு பெண்ணைக் கொண்டு போங்க, முதல் ஒரு மணி நேரம் பக்கத்துலயே இருங்க. 10, 12 நாள் ஒண்ணா இருந்தா ரெண்டு மூணு பருவம் கடந்துடும், அப்புறம் பிரிச்சுடுங்க. எப்படியிருந்தாலும் சேர்த்த நாள்லேர்ந்து 20 நாளுக்கு மேல ஆண் அங்க இருக்கக்கூடாது. இந்தத் தேதியை போன்ல அலாரம் வைங்க.

ரெண்டு வாரத்துக்கு அப்புறம் சமையலறைத் தராசுல எடை வேகமா ஏறும், வயிறு பேரிக்காய் மாதிரி பக்கவாட்டுல தள்ளும். சாப்பாட்டுல புரதம் கூட்டுங்க: தினம் கொஞ்சம் வேகவச்ச முட்டை, முளைகட்டின பச்சைப்பயறு, கோதுமை ரவை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, எலித் தீனியா விக்கற பெல்லட் கிடைச்சா அதுவும். சாக்லெட், சோடா, வேகாத ராஜ்மா, பச்சை பிடிச்ச உருளைக்கிழங்கு கூடவே கூடாது. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது போனதுதான்.

8. பிரசவமும் முதல் வாரமும்

சேர்த்த நாள்லேர்ந்து 18, 19ஆம் நாள் டப்பாவை சுத்தமா கழுவிக் காயவச்சு புது பெட்டிங் போட்டு, அதுல பழைய கூண்டு பெட்டிங் ரெண்டு கைப்பிடி கலந்து தாயை மாத்துங்க. தன் வாசனை இருந்தாதான் அது நிம்மதியா கூடு கட்டும். நீளப் பேப்பரா பாத்து வாயில கத்தையா கவ்விக்கிட்டு மூலைக்கு மூலை ஓடும், பாதி வழியில கீழ விழுந்ததை மறுபடி திரும்பி வந்து பொறுக்கும். அதைப் பாத்தா இன்னும் ரெண்டொரு நாள்னு அர்த்தம்.

பிரசவம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். ரத்தம் வந்து ரெண்டு மூணு மணி நேரம் ஆகியும் குட்டி வரலைன்னா, இல்ல தாய் சோர்ந்து படுத்துட்டா உடனே டாக்டர்கிட்ட போங்க, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. முடிஞ்சதும் தாய் முட்டை சாப்பிட வெளிய வர்றப்ப குட்டிங்களை ஒரு பார்வை பாருங்க. மெல்லிசான தோலுக்குள்ள வயித்து இடது பக்கம் வெள்ளையா ஒரு பட்டை தெரியும், அதுதான் குடிச்ச பால். எல்லாத்துக்கும் அது இருந்தா மூடிட்டு வந்துடலாம். கூட்டை விட்டு தள்ளிக் கிடந்த குட்டி ஜில்லுன்னு இருந்தா உள்ளங்கையில வச்சு சூடாக்கி அப்புறம் கூட்டுல வைங்க. செத்த குட்டியை தாய் தின்னுடும், அது இயல்பு.

9. பெட்டிங் மாத்தற முறை

பெரிய எலிங்களுக்கு: தினமும் நனைஞ்ச மூலையை மட்டும் அள்ளிடுங்க. வெயில் நாள்ல வாரம் ஒரு தடவை, மழை நாள்ல நாலு நாளைக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க, ஆனா காஞ்ச பழைய பெட்டிங் ஒரு கைப்பிடி திரும்பப் போடுங்க. வாசனை மொத்தமா போச்சுன்னா அது பதறிப்போய் எல்லா இடத்துலயும் மூத்திரம் தெளிச்சு அடையாளம் போடும், அப்போ நாத்தம் இன்னும் ஜாஸ்தி. ஒரு சின்ன ட்ரேல வழவழப்பான கூழாங்கல்லு ஒண்ணு வச்சுப் பாருங்க, நிறைய எலிங்க அந்தக் கல்லு மேலதான் மூத்திரம் போகும், உங்க வேலை பாதி குறையும்.

கழுவ சாதா பாத்திர சோப்பு, வெந்நீர். வெள்ளையா படிஞ்ச மூத்திரக் கறைக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி. பினாயில் வேண்டாம், அந்துருண்டை பக்கத்துலகூட வேண்டாம்.

குட்டி டப்பாவுக்கு வேற முறை. முதல் மூணு நாள் தொடாதீங்க, தண்ணி கொட்டி நனைஞ்சா மட்டும் அந்த இடத்தை எடுங்க. 5, 6ஆம் நாள் தாயை வெளிய விட்டுட்டு, கூட்டைச் சுத்தி இருக்கறதுல பாதியை மாத்துங்க, கூட்டோட நடுப்பகுதியை அப்படியே விடுங்க. ரெண்டாவது வாரக் கடைசியில கண்ணு திறக்கும், அதுக்கப்புறம் குட்டிங்க கூட்டை விட்டு சுத்த ஆரம்பிக்கும், திட உணவு கொறிக்கும், மூத்திரமும் அவ்வளவு போகும், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். மாசக் கணக்குல பெட்டிங் அதிகமா செலவாகறது இந்த ரெண்டு வாரம்தான், முன்னாடியே கிழிச்சு மூட்டை கட்டி வைங்க.

போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரே டெஸ்ட். காலையில ஜன்னல் திறக்கறதுக்கு முன்னாடி கூண்டுத் தரை உயரத்துக்கு குனிஞ்சு மூக்கை வச்சு மூச்சு இழுங்க. மூக்கு எரிஞ்சா, கண்ணு கரிச்சா, அந்தக் காத்தைத்தான் குட்டிங்க ராத்திரி முழுக்க இழுத்துச்சு. அன்னிக்கே மாத்துங்க, அட்டவணை என்ன சொன்னாலும் சரி.

10. எறும்பு

குளிர் ஊர் வழிகாட்டி எதுலயும் இது இருக்காது, நம்ம ஊர்ல குட்டிங்களை கொல்றதுல இதுக்கு முக்கிய இடம். முட்டை வாசனைக்கும் பால் வாசனைக்கும் ராத்திரியோட ராத்திரியா எறும்பு சாரை சாரையா வந்துடும், கண்ணு திறக்காத குட்டி ஓட முடியாது. டப்பாவை நாலு கால் இருக்கற ஸ்டூல் மேல வச்சு, ஒவ்வொரு காலும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நிக்கட்டும். தண்ணியில ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்க. சுவரையோ ஸ்க்ரீனையோ டப்பா தொட்டுக்கிட்டு இருந்தா கிண்ணம் வச்சும் பிரயோஜனம் இல்ல. எறும்பு சாக்பீஸ், எறும்பு பவுடர் அந்த ரூம்லயே வேண்டாம், அது பூச்சி மருந்து. மிச்ச முட்டையை ஒரு மணி நேரத்துல எடுத்துடுங்க.

11. ஆண் பெண் பிரிக்கறது

பிறந்த அன்னிக்கே பாக்கலாம்: மலத்துவாரத்துக்கும் மூத்திர முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஆணுக்கு பெண்ணை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெண்டு குட்டியை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் புரியும். 9, 10ஆம் நாள் முடி அடர்த்தியாகறதுக்கு முன்னாடி திரும்பப் பாருங்க, பெண்ணுக்கு வயித்துல காம்பு வரிசை புள்ளி புள்ளியா தெரியும். நாலாவது வாரம் மூணாவது தடவை பாத்து உறுதி பண்ணிக்கங்க.

நாலரை வாரத்துல, அதிகபட்சம் அஞ்சு வாரத்துல, ஆண் குட்டிங்களை தாய்கிட்டேர்ந்தும் அக்கா தங்கச்சிங்ககிட்டேர்ந்தும் எடுத்துடணும். "இன்னும் சின்னதாத்தானே இருக்கு, பாவம்"னு ஒரு வாரம் தள்ளினீங்கன்னா மூணு வாரம் கழிச்சு குட்டிங்களே குட்டி போடும். பெண்ணுங்க தாய்கூட இருக்கட்டும். தாய்க்கு அடுத்த ஈத்துக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் ஓய்வு, வாழ்நாள்ல ரெண்டு ஈத்துக்கு மேல நான் எடுக்க மாட்டேன், அது வாழறதே ரெண்டு மூணு வருஷம்தான்.

12. செலவு

எனக்கு ஆன தோராயக் கணக்கு, ஏரியாவுக்கு ஏரியா மாறும். எலி ஒண்ணு 150லேர்ந்து 300 ரூபாய். கூண்டு ஒண்ணு 2,500லேர்ந்து 4,000. பாக்ஸ், மெஷ், கேபிள் டை சேர்த்து 1,200க்குள்ள. தராசு 400. பேப்பர் பெட்டிங் எடைக்கு வாங்கி நீங்களே கிழிச்சா மாசம் 200, 300ல முடியும், பாக்கெட் பெட்டிங்னா அதைப்போல பல மடங்கு. தீனி மாசம் 500, குட்டி இருக்கற மாசம் ரெண்டு மடங்கு. இதெல்லாத்துக்கும் மேல டாக்டருக்குன்னு 5,000 ரூபாய் தொடாம வைங்க. அந்தக் காசு கையில இல்லாத மாசம் ஜோடி சேர்க்காதீங்க.

13. அழுக்கு பெட்டிங், கை சுத்தம்

அள்ளறப்ப மாஸ்க்கும் கையுறையும் போடுங்க. எலி மூத்திரத்துல இருக்கற புரதம் சிலபேருக்கு அலர்ஜி, ஆஸ்துமா கிளப்பும், வீட்டுல வீசிங் இருக்கறவங்க இந்த வேலையை செய்ய வேண்டாம். பையில இறுக்கிக் கட்டி அன்னிக்கே குப்பைக்கு அனுப்புங்க, டாய்லெட்ல போட்டா அடைச்சுக்கும், மொட்டைமாடியில குவிச்சு வச்சா காட்டு எலி வரும். காட்டு எலி வந்தா எலிக்காய்ச்சலும் கூடவே வரும், லெப்டோஸ்பைரோசிஸ் உங்க எலிக்கும் தொத்தும், உங்களுக்கும் தொத்தும். தீனி டப்பாவை மூடி வைங்க, ஜன்னலுக்கு வலை அடிங்க. மக்கவச்சு உரமாக்கினா பூச்செடிக்கு மட்டும் போடுங்க, கீரைக்கு வேண்டாம்.

கடிச்சுட்டா சோப்பு போட்டு ஓடற தண்ணியில நல்லா கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. சில நாள் கழிச்சு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தா "வீட்டுல எலி வளக்கறேன், கடிச்சுச்சு"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, சொல்லலைன்னா அவங்களுக்கு அந்தப் பக்கம் யோசனையே போகாது.

14. குட்டிங்களை அனுப்பறப்ப

ஒவ்வொரு ஜோடியோடயும் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் விவரம் எழுதின சீட்டு, ஒரு வாரத்துக்கான தீனி, பழைய பெட்டிங் ஒரு கைப்பிடி குடுத்து விடுங்க. போய் ரெண்டு வாரத்துல ஒரு தடவை போன் பண்ணி தும்மல் இருக்கான்னும், வாலைத் தூக்கிப் பாத்து ரெண்டும் ஒரே பால்தானான்னும் கேளுங்க. வச்சுக்க முடியலைன்னா திருப்பி என்கிட்டயே குடுத்துடுங்கன்னு முன்னாடியே சொல்லி, அதுக்காக ஒரு கூண்டு காலியா வச்சிருங்க.